மாற்றுத்திறனாளிகளும் விடிய விடியக் கூத்துப் பார்க்க: விழாக் குழுவுக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வட ஆற்காட்டுப் பக்கம் பங்குனி பிறந்தால் ஆடி முடியும் வரை ஏதாவது ஓர் ஊரில் மகாபாரதக் கதையை வைத்துப் பாரத விழா நடந்துகொண்டே இருக்கும். பகலில் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசியில் துரியோதனன் சாவைக் காட்டும் படுகளம், தீமிதி. இந்த ஆண்டு உங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயில் விழாக் குழுவில் உங்களையும் சேர்த்திருந்தால் தலைக்கட்டு வரி, நோட்டீஸ், பந்தல், மைக் செட், கூத்து ஜமாவுக்கு (ஆடும் குழுவுக்கு) அட்வான்ஸ் என்று வேலைகளைப் பிரித்துக் கொடுப்பார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு என்ன ஏற்பாடு என்பது அந்தப் பட்டியலில் பெரும்பாலும் இருக்காது. அந்த வேலையை நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

டவுனில் இருக்கும் மண்டபத்தில் படியை இடிக்க முடியாது. கதவை அகலமாக்க உரிமையாளர் சம்மதிக்க வேண்டும். கூத்துக் களத்தில் அந்தத் தொல்லை இல்லை. காலையில் அது வெறும் திடல். பொழுது சாய்வதற்குள் பந்தல், ஜெனரேட்டர், பெஞ்சு, பஜ்ஜிக் கடை, பலூன் கடை எல்லாம் வந்து உட்கார்ந்துவிடும். எது எங்கே வரவேண்டும் என்று அன்று மதியம் யாரோ ஒருவர் கை காட்டுகிறார், அவ்வளவுதான். அந்த நேரத்தில் வீல்சேருக்கும் ஓர் இடத்தைக் காட்டிவிட்டால் பெரிய செலவே இல்லை. ஜெனரேட்டர் இறங்கிய பிறகு நகர்த்தச் சொன்னால் சண்டைதான் மிஞ்சும். இந்தக் கட்டுரையில் வரும் பெரும்பாலான யோசனைகள் பணத்தைப் பற்றியவை அல்ல, முந்திக்கொள்வதைப் பற்றியவை.

வீட்டுக்குப் போய்க் கேளுங்கள்

விழாவுக்குப் பத்துப் பதினைந்து நாள் இருக்கும்போதே தொடங்குங்கள். ஊரில் யார் யாருக்கு நடக்க முடியாது, யாருக்குக் கண் தெரியாது, யாருக்குக் காது கேட்காது என்பது ஊருக்கே தெரியும். ஆனால் அவர்கள் கூத்துக்கு வருகிறார்களா, வராவிட்டால் ஏன் என்பதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். 'அவருக்கு எதுக்குப்பா, வீட்லயே ஸ்பீக்கர் கேக்குமே' என்று வீட்டாரே சொல்லக்கூடும். அம்மாவிடமோ அண்ணனிடமோ கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். சம்பந்தப்பட்டவரிடமே கேளுங்கள்: எதில் வருவீர்கள், எவ்வளவு நேரம் உட்கார முடியும், இரவில் எதற்கெல்லாம் எழுந்து போக வேண்டியிருக்கும், கூட யார் வருவார்கள்?

வேலூர்க்காரர்களுக்கு இந்த விஷயம் புதிதாக இருக்கக் கூடாது. 1954-இல் நடந்த விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இரண்டு கால்களும் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். அவர் முயற்சியில்தான் பாகாயத்தில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) மறுவாழ்வு நிலையம் 1966-இல் திறக்கப்பட்டது. மரம் ஏறி விழுந்தவர்கள், கிணற்றில் விழுந்தவர்கள், வண்டி மோதியவர்கள் என்று எத்தனையோ பேர் அங்கே பயிற்சி பெற்று வீல்சேரோடு ஊர் திரும்பியிருக்கிறார்கள். வீட்டு வாசல் வரைக்கும் அவர்களுக்கு வழி செய்து கொடுத்தாயிற்று. வாசலிலிருந்து கூத்துக் களம் வரைக்குமான வழி ஊரின் பொறுப்பு.

நோட்டீஸில் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்

நோட்டீஸில் கீழே நன்கொடையாளர் பெயர்களுக்கு முன்னால் நாலு வரி போதும். 'மாற்றுத்திறனாளிகள் அனைவரும் வருக' என்று மட்டும் போட்டால் யாருக்கும் பயனில்லை. வருகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியதைச் சொல்லுங்கள். இப்படி எழுதலாம்:

'களத்தின் வடக்கு ஓரத்தில் சக்கர நாற்காலிக்கும் துணைக்கு வருபவருக்கும் இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. மூன்று சக்கர ஸ்கூட்டர் அங்கு வரை வரலாம். வெஸ்டர்ன் கழிப்பறை ஊராட்சிப் பள்ளியில் உள்ளது, களத்திலிருந்து 100 மீட்டர், வாசலில் ஒரு படி உண்டு, பலகை போடப்பட்டிருக்கும். சைகை மொழிபெயர்ப்பு இரவு 10 முதல் 12 வரை.'

எந்த வசதி இல்லை என்பதையும் எழுதுங்கள். படி இருந்தால் இருக்கிறது என்று எழுதுங்கள். இருக்கிறதை அப்படியே தெரிந்துகொண்டால் அவரே ஒரு வழி செய்துகொண்டு வருவார். எல்லாம் இருக்கிறது என்று நம்பி வந்து பாதியில் திரும்பியவர் அடுத்த வருடம் வரமாட்டார். கீழே ஒரு போன் நம்பர் போட்டு, அதை எடுக்கிறவருக்கு இந்த விவரமெல்லாம் மனப்பாடமாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கண் தெரியாதவர்களுக்காக இதையே குரலில் பதிந்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். ஆட்டோவில் மைக் கட்டி அறிவிக்கும்போதும் ஒரு வாக்கியம் சேர்க்கச் சொல்லுங்கள்.

இடம் குறிக்கும் மதியம்

கூத்தை மூன்று பக்கமும் சனம் சூழ்ந்து உட்கார்ந்து பார்க்கும். பின்பக்கம் பெஞ்சில் மத்தளம், முகவீணை, ஆர்மோனியம். முன்னால் பாய் போட்டு இடம்பிடித்த பெண்களும் பிள்ளைகளும். புதியவர்கள் மரியாதைக்காக வீல்சேரை நேர் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவார்கள். பத்து நிமிடத்தில் பின்னாலிருந்து 'கொஞ்சம் நவுத்துப்பா, ஆயாவுக்கு மறைக்குது' என்று குரல் வரும். நாற்காலியில் இருப்பவருக்கு அதைவிடச் சங்கடம் வேறில்லை. எல்லோருக்கும் பின்னால் கொண்டுபோய் வைத்தாலோ, நிற்கிற ஆட்களின் முதுகுதான் தெரியும்.

சரியான இடம் பக்கவாட்டு ஓரம், முன்வரிசைக்கு இணையாக. பெண்கள் பக்கம் ஒன்று, ஆண்கள் பக்கம் ஒன்று என்று இரண்டு ஓரத்திலும் வைத்தால் குடும்பத்தோடு உட்காரலாம். ஒரு வீல்சேருக்கு 3 அடி அகலமும் 4 அடி நீளமும் வேண்டும். பக்கத்தில் துணைக்கு வருபவருக்கு 2 அடி. நாலு பேருக்கு 20 அடி நீளம், 5 அடி அகலம் இருந்தால் தாராளம். அதற்குப் பின்னால் 5 அடி வழி விடுங்கள். வீல்சேர் திரும்புவதற்கு அவ்வளவு வேண்டும், பாய்களை மிதிக்காமல் நடுவில் எழுந்து போகவும் அதுவே வழி. சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டு, நாலு சவுக்குக் கம்பு நட்டுக் கயிறு கட்டி, ஒரு பையனைக் காவலுக்கு நிறுத்துங்கள். கோடு மட்டும் போட்டால் ஏழு மணிக்கெல்லாம் அங்கே பாய் விரித்துவிடுவார்கள்.

அரசு கொடுக்கும் இணைப்புச் சக்கர ஸ்கூட்டர் நம் ஊர்களில் நிறையப் பேரிடம் உண்டு. இறங்கி ஏறுவதைவிட அதிலேயே உட்கார்ந்து பார்ப்பது சிலருக்கு வசதி. எனவே கயிறு கட்டிய இடத்தின் கடைசியில் இரண்டு ஸ்கூட்டருக்கும் இடம் விடுங்கள். பார்க்கிங் வேறு, உட்காரும் இடம் வேறு என்று பிரிக்க வேண்டிய அவசியமே இல்லை.

போலியோவால் கால் பாதித்தவர்களில் பலருக்குத் தரையில் உட்காருவதுதான் பழக்கம், நாற்காலி வசதிப்படாது. அவர்களுக்குச் சாய்ந்துகொள்ள ஒரு பந்தல் கால் அருகே பாய் போடுங்கள். ஊன்றுகோலையும் வாக்கரையும் 'ஓரமா வெக்கிறேன்' என்று வாங்கிக்கொண்டு போய்விடாதீர்கள். அது அவர் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்க வேண்டும்.

தரை, சாய்தளம், ஒயர்

வீல்சேரின் முன் சக்கரம் சின்னது. மணலில் அது புதைந்து நின்றுவிடும், பின்னாலிருந்து வேகமாகத் தள்ளினால் உட்கார்ந்திருப்பவர் முன்னால் சரிவார். ரோட்டிலிருந்து ஒதுக்கிய இடம் வரைக்கும் 4 அடி அகலத்தில் ஒரு பாதையைக் கெட்டிப்படுத்த வேண்டும். நீர் தெளித்து மட்டம் தட்டினால் செம்மண் நன்றாக இறுகும். மணலாக இருந்தால் பந்தல்காரரிடம் இருக்கும் பிளைவுட் பலகைகளை இடைவெளியில்லாமல் வரிசையாகப் போடுங்கள். மணல் மேல் கார்ப்பெட் போடுவது வேலைக்காகாது, சுருண்டு சக்கரத்தில் சிக்கும்.

படி இருக்கும் இடத்தில் சாய்தளக் கணக்கு எளிது: ஒன்றுக்குப் பன்னிரண்டு. அரை அடிப் படிக்கு 6 அடி நீளப் பலகை. ஓர் அடித் திண்ணைக்கு 12 அடி. இதைவிடச் செங்குத்தாகப் போட்டால் தனியாக ஏற முடியாது, இறங்கும்போது ஆபத்து. அகலம் 4 அடி. இரண்டு ஓரத்திலும் சக்கரம் நழுவாமல் ரீப்பர் கட்டை அடியுங்கள். பலகைக்கு நடுவில் தாங்கு கொடுக்காவிட்டால் வளையும். போட்டு முடித்ததும் பெரியவர் ஒருவரை வீல்சேரில் உட்காரவைத்து ஏற்றி இறக்கிப் பாருங்கள். காலி நாற்காலியைத் தள்ளிப் பார்ப்பது சோதனை ஆகாது.

மேடை போட்டிருந்தால் 3 அடி உயரத்துக்கு 36 அடி சாய்தளம் வேண்டும், பல இடங்களில் முடியாது. அப்போது, சால்வை போர்த்துவதோ பரிசு கொடுப்பதோ எல்லோருக்குமே கீழே வைத்துக்கொள்ளுங்கள். ஒருவரை மட்டும் நாலு பேர் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு மேடையேறுவது அவருக்குக் கௌரவம் இல்லை.

ஒயர்களை நடைபாதையின் குறுக்கே தரையில் ஓட விடாதீர்கள். சவுக்குக் கம்பில் தலைக்கு மேலே கொண்டுபோகச் சொல்லுங்கள். கண் தெரியாதவர், ஊன்றுகோல் வைத்திருப்பவர், தூக்கக் கலக்கத்தில் எழுந்து போகும் குழந்தை, எல்லோருக்கும் அதனால் நன்மை. ஜெனரேட்டர் ஒதுக்கிய இடத்துக்கு நேர் எதிர்க்கோடியில் நிற்கட்டும். காது மிஷின் பேச்சை மட்டும் பெருக்காது, இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். ஜெனரேட்டர் பக்கத்தில் உட்கார்ந்தால் அது இருந்தும் இல்லாத கதைதான். குழாய் ஸ்பீக்கரையும் அந்த ஓரத்தின் தலைக்கு நேராகக் கட்டவேண்டாம்.

கழிப்பறையும் ஒரு கட்டிலும்

இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். இதற்குப் பயந்தே பலர் வருவதில்லை, வருபவர்களும் மத்தியானத்திலிருந்து தண்ணீர் குடிக்காமல் வருகிறார்கள். வேலூர் வெயிலில் அது உடம்புக்கு எவ்வளவு கெடுதல் என்று சொல்ல வேண்டியதில்லை.

பக்கத்தில் இருக்கும் பள்ளிக்கூடம், ஊராட்சி அலுவலகம், வீடு எதில் வெஸ்டர்ன் கழிப்பறை இருக்கிறது என்று பாருங்கள். கதவு 3 அடி திறக்கிறதா, உள்ளே போய்க் கதவைச் சாத்த இடம் இருக்கிறதா என்று டேப் வைத்து அளந்து பாருங்கள். பிடித்து எழக் கம்பி இல்லையென்றால் பிளம்பரிடம் சொல்லிச் சுவரில் ஜி.ஐ. பைப் பொருத்துவது ஒரு மணி நேர வேலை. வெஸ்டர்ன் எங்குமே இல்லையென்றால் வயதானவர்கள் இருக்கும் வீட்டில் கமோட் சேர் ஒன்று கிடைக்கும், கேட்டு வாங்குங்கள். பல்பு எரிகிறதா, வாளியில் தண்ணீர் இருக்கிறதா, சாவி யாரிடம்? இந்தக் கடைசிக் கேள்வியில்தான் நிறைய ஏற்பாடுகள் வீணாகின்றன. பள்ளிக்கூடத்துச் சாவி வாட்ச்மேனிடம் இருக்கும், வாட்ச்மேன் கூத்துக் கூட்டத்தில் எங்கேயோ இருப்பார். சாவி அந்த இரவு முழுவதும் களத்தோரக் காவல் பையனிடம் இருக்கட்டும்.

முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு இன்னும் இரண்டு தேவை உண்டு. பலருக்குச் சிறுநீர் தானாக வராது. நாலிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை டியூப் போட்டு எடுக்க வேண்டும். இரவு பத்துக்கு ஆரம்பித்து விடியும் வரை நடக்கும் கூத்தில் ஒரு முறையாவது, சிலருக்கு இரண்டு முறை இதற்காகப் போக வேண்டிவரும். கை கழுவச் சோப்பும் தண்ணீரும், மறைப்பும், நல்ல வெளிச்சமும் இல்லாமல் இதைச் சுத்தமாகச் செய்ய முடியாது. செய்தால் கிருமி ஏறிக் காய்ச்சல் வரும். இரண்டாவது, உணர்ச்சி இல்லாத இடுப்பு ஒரே நிலையில் அழுந்தினால் படுக்கைப்புண் வரும். அதனால்தான் அவர்கள் அடிக்கடி இரண்டு கையையும் ஊன்றி உடம்பைத் தூக்கிக்கொள்வதைப் பார்ப்பீர்கள். எட்டு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருக்கச் சொல்வது நியாயமில்லை.

இரண்டுக்கும் ஒரே ஏற்பாடு போதும். ஒதுக்கிய இடத்துக்குப் பின்னால் பத்துக்குப் பத்து அடியில் படுதா மறைப்பு, உள்ளே ஒரு கட்டில், மெத்தை, பல்பு, குடத்தில் தண்ணீர், சோப்பு, மூடி போட்ட குப்பைத் தொட்டி. கட்டில் வீல்சேர் உட்காரும் உயரத்துக்கே இருந்தால் ஒருவர் தானாகவே மாறிக்கொள்வார். வேஷம் கட்டப் போடும் அறைக்குப் பக்கத்திலேயே இதைப் போட்டால் பந்தல்காரருக்கும் ஒரே வேலை. குழுவில் யாராவது 'இது ஒண்ணுக்காகவா' என்று கேட்டால், தாய்ப்பால் கொடுக்க வரும் பெண்களுக்கும் அதுதான் இடம் என்று சொல்லுங்கள். உண்மையும் அதுதான்.

கண் தெரியாதவர்களுக்கு: வேஷம் கட்டும்போதே கூட்டிப் போங்கள்

கூத்தில் பாட்டும் வசனமும் காதுக்கு வந்துவிடும். வராதது வேஷம். இருட்டும் நேரத்தில் கூத்துக்காரர்கள் ஒப்பனைக்கு உட்காருவார்கள். அந்த ஒன்றரை இரண்டு மணி நேரம் ஒரு பெரிய வாய்ப்பு. முன்னதாகவே ஜமா வாத்தியாரிடம் பேசிவிடுங்கள். கிரீடமும் புஜக்கட்டையும் அவர்களுக்குப் பூசை செய்து எடுக்கும் பொருள்கள். கேட்காமல் யாரும் தொடக்கூடாது. 'ஐயா, நம்ம ஊர்ல ரெண்டு பேருக்குக் கண் தெரியாது, கட்டைங்களைத் தொட்டுப் பாக்கணும்னு ஆசைப்படறாங்க, எப்ப வரலாம்?' என்று முறையாகக் கேட்டால் இடமும் நேரமும் அவரே சொல்வார்.

துரியோதனன் கிரீடத்தைக் கையில் வாங்கிப் பார்த்தால்தான் தெரியும், லேசான மரத்தில் செதுக்கி அதன் மேல் கண்ணாடித் துண்டும் மணியும் எவ்வளவு நெருக்கமாகப் பதித்திருக்கிறார்கள் என்று. தோளில் கட்டும் புஜக்கட்டை ஒரு பக்கம் இறக்கைபோல் விரிந்திருப்பது விரலுக்குத் தெரியும். பாவாடை எத்தனை சுற்றுச் சுற்றிப் பருமனாக நிற்கிறது, காலில் சலங்கை எவ்வளவு கனம், எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தவருக்கு, பிறகு திரைக்குப் பின்னால் அந்தச் சலங்கை அதிரும்போதே அரசன் எந்த உருவத்தில் நிற்கிறான் என்று தெரிந்துவிடும். தொடும்போது நிறத்தையும் சொல்லுங்கள். துரியோதனன் முகம் சிவப்பு, கிருஷ்ணன் முகம் பச்சை. பிறவியிலேயே பார்வை இல்லாதவரானாலும் சொல்லுங்கள். ஊரெல்லாம் பேசுகிற விஷயம் அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கூத்து நடக்கும்போது பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, பாட்டுக்கும் வசனத்துக்கும் குறுக்கே போகாமல் இடைவெளியில் மட்டும் மெல்லச் சொல்ல வேண்டும். 'திரை பிடிச்சிட்டாங்க. மேல கிரீடம் மட்டும் தெரியுது. இப்ப திரைய விலக்கிட்டான், கிறுகிறுன்னு மூணு சுத்துச் சுத்தறான்.' கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் வாய் பேசாமல் சேட்டை செய்யும்போது சனம் சிரிக்கும். அப்போது ஏன் சிரிக்கிறார்கள் என்று உடனே சொல்லிவிடுங்கள். அந்த நேரத்தில்தான் கண் தெரியாதவர் கூட்டத்துக்கு நடுவிலேயே தனியாகிப் போகிறார். நன்றாகக் கதை சொல்லத் தெரிந்த கல்லூரிப் பெண்ணோ பையனோ ஊரில் கட்டாயம் இருப்பார்கள்.

வழி நடத்தும்போது கையைப் பிடித்து இழுக்காதீர்கள், கோலைப் பிடிக்காதீர்கள். 'அண்ணா, என் முழங்கையப் பிடிச்சிக்கிறீங்களா?' என்று கேட்டுவிட்டு அரை அடி முன்னால் நடங்கள். படி, பள்ளம், ஒயர் வந்தால் சொல்லுங்கள்.

காது கேட்காதவர்களுக்கு

சைகை மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று கலெக்டர் அலுவலகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும், காது கேளாதோர் பள்ளி ஆசிரியர்களிடமும் விசாரியுங்கள். ஒருவரை வைத்து விடிய விடிய ஓட்ட முடியாது. இருபது முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை கை மாற இரண்டு பேர் வேண்டும். முழு இரவுக்கும் ஆள் இல்லையென்றால் முக்கியமான கட்டத்துக்கு மட்டும் வையுங்கள். சூதாட்டமும் திரௌபதி துகிலுரிதலும் எந்த நேரத்துக்கு வரும் என்று வாத்தியாரிடம் கேட்டால் ஓரளவு சொல்வார். மொழிபெயர்ப்பவர் களத்துக்குப் பக்கத்தில், ஒரே பார்வையில் கூத்தும் அவரும் தெரியும்படி நிற்க வேண்டும். முகத்திலும் கையிலும் முன்பக்கமிருந்து வெளிச்சம் விழவேண்டும், பின்னால் சீரியல் செட் மின்னக் கூடாது. கட்டமோ பூவோ போடாத, தோல் நிறத்திலிருந்து மாறுபட்ட உடை உடுத்தச் சொல்லுங்கள்.

எழுத்தில் வசனத்தை ஓடவிடும் யோசனை கூத்துக்குச் சரிவராது. பாதி வசனம் அங்கேயே பிறப்பது, எழுதி வைத்ததோடு ஒட்டாது. அதைவிட, கட்டத்துக்குக் கட்டம் கதைச் சுருக்கத்தைப் பெரிய எழுத்தில் இரண்டு பக்கம் அச்சடித்துக் கொடுங்கள். யார் வருகிறார், என்ன நிறம், என்ன கேட்கிறார், எப்படி முடிகிறது. மத்தளத்துக்கு அருகே பலகைமேல் உட்காரவைத்தால் அடி உடம்பில் அதிரும், அதை விரும்புபவர்களும் உண்டு. கேட்டுப் பார்த்து அங்கே இடம் கொடுங்கள்.

சத்தம் தாங்காதவர்களுக்கு

ஆட்டிசம் உள்ள பிள்ளைகள், மனவளர்ச்சி குன்றியவர்கள், அவர்களோடு வரும் பெற்றோருக்கு இரண்டு விஷயம் தெரிந்தால் போதும்: எப்போது வேட்டு வெடிக்கும், எப்போது ஆவேசமான கட்டம் வரும். ஐந்து நிமிடம் முன்னால் காவல் பையன் வந்து சொல்லட்டும். பின்னால் விட்ட 5 அடி வழியாக வெளியே போய், கொஞ்சம் உலாவிவிட்டு மறுபடி வரலாம். பிள்ளை எழுந்து ஆடினால், சத்தம் போட்டால் யாரும் முறைக்கக் கூடாது என்று மைக்கில் ஒரு முறை அன்பாகச் சொல்லிவிடுங்கள். பளிச்பளிச்சென்று அடிக்கும் லைட் சிலருக்கு வலிப்பைக் கொண்டுவரும். மைக் செட்காரரிடம் அதைக் கட்டவே வேண்டாம் என்று சொல்லுங்கள்.

தபசு மரம், படுகளம், தீமிதி

அர்ச்சுனன் தபசு நாளில், அர்ச்சுனன் வேஷக்காரர் ஏறும் தபசு மரத்தின் உச்சியிலிருந்து எலுமிச்சையும் பழமும் வீசுவார்கள். அதைப் பிடிக்கச் சனம் முண்டியடிக்கும். வீல்சேர், ஊன்றுகோல், கண் தெரியாதவர் யாரும் அந்த நெரிசல் எல்லைக்குள் இருக்கக் கூடாது. தள்ளி இருந்தாலும் மரம் உயரமானது, நன்றாகவே தெரியும். அவர்களுக்கான பழத்தை ஓர் ஆள் வாங்கிக் கொண்டுவந்து கொடுக்கட்டும்.

படுகளத்தன்று மண்ணில் படுத்திருக்கும் துரியோதனன் உருவத்தைக் கூட்டம் சேருமுன் காலையிலேயே சுற்றிக் காட்டிவிடலாம். வெயில் ஏறியபின் நிழலும் தண்ணீரும் இல்லாமல் யாரையும் உட்காரவைக்காதீர்கள். முதுகுத்தண்டு மேல்பகுதியில் அடிபட்டவர்களுக்குச் சரியாக வியர்க்காது, உடம்புச் சூடு சட்டென்று ஏறிவிடும்.

செருப்பு விஷயம் தனியாகப் பேசவேண்டியது. கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரியால் நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: தொழுநோயால் பாதத்தில் உணர்ச்சி போனவர்கள் மெத்தென்ற ரப்பரில் செய்த எம்.சி.ஆர். செருப்பைக் கழற்றக் கூடாது. சர்க்கரையால் கால் மரத்துப்போனவர்களுக்கும் அப்படித்தான். சுடுகிற தரை, கல், முள் எதுவும் அவர்களுக்குத் தெரியாது, புண்ணான பிறகுதான் தெரியும். கோயில் எல்லையில் செருப்பைக் கழற்றச் சொல்லும்போது இவர்களையும் காலுக்குத் தாங்கலாகக் காலிப்பர் போட்டவர்களையும் விட்டுவிட வேண்டும். இதைப் பூசாரியிடமும் பெரியவர்களிடமும் முதல் கூட்டத்திலேயே பேசி முடித்துவிடுங்கள், வாசலில் வைத்துப் பேசினால் அவமானம்தான் மிஞ்சும். சுத்தமான ஈரத்துணி ஒன்று வாசலில் இருந்தால் சக்கரத்தையும் செருப்பின் அடியையும் துடைத்துவிட்டு உள்ளே வரலாம். தீக்குழிப் பக்கம் இவர்களை நெருங்கி உட்காரவைக்காதீர்கள், அனல் சுடுவதும் அவர்கள் காலுக்குத் தெரியாது.

டவுனில் மண்டபம் எடுத்தால்

வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கம் மண்டபத்திலோ கல்லூரி அரங்கிலோ நிகழ்ச்சி வைத்தால் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் நேரில் போய்ப் பாருங்கள். 'எல்லாம் இருக்கு சார்' என்ற பதிலை நம்பி வந்துவிடாதீர்கள். முன்வாசலில் ஆறேழு படி இருக்கும் பல மண்டபங்களில், சமையல் சாமான் இறக்கும் பின்வாசல் தரைமட்டத்தில் இருக்கும். அதைக் கழுவி, விளக்குப் போட்டு, மற்றவர்களும் அந்த வழியாகவே வரும்படி செய்தால் அது நல்ல வழி. குப்பைத் தொட்டிக்கு நடுவே ஒருவரை மட்டும் கொண்டுவந்தால் அது வழியே இல்லை. பொதுக் கழிப்பறை இந்திய முறையில் இருந்தால், மணமகள் அறையோடு சேர்ந்த கழிப்பறை வெஸ்டர்னாக இருக்க வாய்ப்பு அதிகம், அந்தச் சாவியைக் கேட்டு வாங்குங்கள். சாப்பாட்டு ஹால் கீழ்த்தளத்திலா, மாடியிலா என்று பாருங்கள். லிப்ட் இருந்தால் வீல்சேரை உள்ளே வைத்துக் கதவு மூடுகிறதா, கரண்ட் போனால் ஜெனரேட்டரில் ஓடுமா என்று சோதியுங்கள்.

மண்டபக்காரர் 'இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே' என்றால் சட்டத்தைச் சொல்லலாம். 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. கலை, பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளில் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்குபெறும் உரிமையையும் அது சொல்கிறது. கட்டிட வசதிகளைப் பற்றிய விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாயமாக வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பார்வைக் குறைபாடு உள்ள ஒருவர் 2005-இல் தொடுத்த வழக்கு அது.

அன்று இரவும் மறுநாளும்

காவலுக்கு நிற்பவர்கள் இரண்டு பேராவது இருக்கட்டும், ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். கையில் டார்ச், சாவி, வரப்போகிறவர்கள் பட்டியல். தூக்கச் சொன்னால் தூக்கலாம், சொல்லாமல் யாரையும் தூக்கக் கூடாது. வீல்சேரைத் தள்ளுவதற்கு முன் 'தள்ளட்டுமாக்கா?' என்று கேட்க வேண்டும். பிரேக் எங்கே இருக்கிறது, சரிவில் பின்பக்கமாக இறக்குவது எப்படி என்பதை அந்த நாற்காலிக்காரரே பத்து நிமிடத்தில் சொல்லிக் கொடுத்துவிடுவார், முன்னதாகவே ஒருநாள் மாலை அவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். பாதியில் வீட்டுக்குப் போக நினைப்பவர்களுக்காக ஒரு ஷேர் ஆட்டோவிடம் இரவு இரண்டு மணிக்கு ஒரு நடை பேசி வையுங்கள். விடிந்தால்தான் பஸ் என்பதற்காக முடியாதவரை உட்காரவைக்கக் கூடாது.

மறுநாள் பலகைகளைப் பந்தல்காரர் ஏற்றுவதற்குள் எத்தனை பலகை, எந்த நீளம், எங்கே போட்டோம், என்ன செலவு என்று வரவுசெலவு நோட்டிலேயே எழுதி வையுங்கள். வந்தவர்களுக்குப் போன் செய்து எது சரியில்லை என்று கேட்டு அதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். வரவில்லை என்றவர்களையும் விட்டுவிடாமல் காரணம் கேளுங்கள். அடுத்த வருடக் குழுவுக்கு ஆள் எடுக்கும்போது, களத்தோரம் உட்கார்ந்து பார்த்தவர்களில் ஒருவரை உறுப்பினராகச் சேர்க்கச் சொல்லி உங்கள் பங்குக்குப் பேசுங்கள். இடம் குறிக்கும் மதியத்தில் அவரும் வந்து கை காட்டட்டும்.